நான்கு புள்ளி எட்டு

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் ஆகச் சிறந்தது தசமப் புள்ளி. நெருப்பும் சக்கரமும் அடுத்த வரிசையில்தான் வரும். நெருப்பு சுடும், சக்கரம் பஞ்சராகும். தசமப் புள்ளி இதுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. ஒருவர் பன்னிரண்டு என்றால் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று அர்த்தம். பன்னிரண்டு புள்ளி மூன்று என்றால், எங்கோ ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து அளந்திருக்கிறார். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எங்கள் துறையின் சுவர்ப் பத்திரிகையில் புனைபெயரில் பத்தி எழுதுபவன் என்ற முறையிலும் சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தியை யாரும் நம்புவதில்லை.

ஆகவே எங்கள் வட்டார மருத்துவமனையில் அப்பாவின் மூன்று மாதச் சர்க்கரை நான்கு புள்ளி எட்டு என்று அச்சாகி வந்தபோது, நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதச் சர்க்கரை எங்கள் ஊருக்குப் புதிது. ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும். கடந்த மூன்று மாதம் ஒளித்து ஒளித்துத் தின்றதையெல்லாம் சொல்லிவிடும் என்றார்கள். அதுவரை எங்கள் ஆட்கள் வெறும் வயிற்றுச் சோதனைக்கு மட்டுமே பழகியவர்கள். அதற்கு மூன்று நாள் துறவு போதும். சீட்டில் தேதியைப் பார்த்து, மூன்று நாள் முன்னதாக இனிப்பை விட்டுவிடுவார்கள். சோதனை முடிந்ததும் மருத்துவமனை வாசலிலேயே துறவைக் கலைத்துவிடுவார்கள். வாசலில் தேங்காய்ப்பால் ஐஸ் விற்பவர் இதை அறிந்தவர். சர்க்கரை நோயாளிகள் வரும் செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பெட்டி கொண்டுவருவார்.

டாக்டர் நலின் தலைநகர் பாங்காக்கில் படித்து முடித்த கையோடு அரசாங்கம் எங்களிடம் அனுப்பிவைத்தவர். எனக்கு அக்கா இருந்தால் அந்த வயது இருக்கும். காகிதத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் பெரியப்பாதான்.

“பெரியப்பா, ரொம்ப நல்ல ரிசல்ட். ஆறுக்குக் கீழ வந்தாலே சந்தோஷப்பட்டிருப்பேன். இதுக்கும் கீழ போனா மயக்கம் வந்துடும். மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம்.”

“அப்ப என் காலு?” என்றார் அப்பா.

“அது பழைய பாதிப்பு. நரம்பு கெட்டுப்போனா சரியாக நாளாகும்.”

“சரியாகலைன்னு நான் சொல்லலைம்மா. இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. புது வருஷத்தப்ப கணுக்கால் வரைக்கும்தான். இப்ப கெண்டைக்காலுக்கு வந்துடுச்சு. போடாத காலுறையைப் போட்டிருக்கற மாதிரி. ராத்திரியானா மிளகாய் இடிச்ச உரல்ல காலை விட்ட மாதிரி எரியுது.”

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். வெளியே காத்திருந்த நாற்பது பேரைப் பார்த்தார். காகிதம் ஜெயித்தது.

அப்பா அத்தோடு விட்டிருக்கலாம். ஆய்வகத்தின் நான்காம் சன்னலுக்குப் போய், வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தலையை உள்ளே விட்டு, மருத்துவமனை முழுக்கக் கேட்கும்படிக் கேட்டார்.

“தம்பி, இது என் ரத்தந்தானா? வேற யாரோடதாவது மாறிடுச்சா?”

உள்ளே இருந்தவர் சக்தா அண்ணன். பதினைந்து வருடமாக எங்கள் வட்டாரத்தின் இரத்தம் அவர் கை வழியாகத்தான் போகிறது. “பேரு உங்க பேரு, நம்பர் உங்க நம்பர் பெரியப்பா.”

“பேருல எனக்குச் சந்தேகம் இல்ல. அது எங்கம்மா வெச்சது. ரத்தத்தைத்தான் கேக்கறேன்.”

நான் பத்தடி தள்ளி நின்று, யாருடைய மகனோ போல, கொசு ஒழிப்பு விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரப் பத்தி சன்னலில் நிற்பவர்களைப் பற்றியது. கெட்ட சேதி வந்தால் புத்த விகாரைக்குப் போகிறார்கள், நல்ல சேதி வந்தால் சன்னலுக்குப் போகிறார்கள், காகிதத்தை நம்பும் நாள் வந்தால்தான் இந்த நாடு உருப்படும் என்று எழுதினேன். துறையில் பதினொரு பேர் சிரித்தார்கள்.

இனி அம்மா. அம்மாவின் பெயர் புவாலாய். கிராமச் சுகாதாரத் தொண்டர். சாம்பல் நிறச் சட்டை, தோளில் பை, பைக்குள் அழுத்தக் கருவி, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் இயந்திரம். பதினைந்து வீடுகள் அவள் பொறுப்பு. பதினான்கு வீட்டாரிடம் அன்பாகப் பேசுவாள். பதினைந்தாவது எங்கள் வீடு.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே அம்மா, பசைபோல் ஒட்டும் அரிசியில் வேகும் ஒட்டுச்சோற்றுக்குத் தடை போட்டாள். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனுக்கு உதிரிச்சோறு போடுவது அவனை நாடு கடத்துவதற்குச் சமம். கையால் உருட்ட முடியாது, காரச் சட்னியில் தோய்க்க முடியாது. கரண்டியை எடுத்துக்கொண்டு பாங்காக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா கெஞ்சிப் பார்த்தார். விகாரை வாசலில் விழுந்து கும்பிடுவதுபோல் சமையலறை வாசலில் விழுந்தும் பார்த்தார். மூன்று மாதச் சோதனை ஊருக்கு வந்ததும்தான், “ஆறுக்குக் கீழ வா, சோத்துக் கூடையைத் தர்றேன்” என்று அம்மா சொன்னாள்.

அன்று நான் காகிதத்தை வாசித்ததும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிடா கோப்.”

“போட்டுக்கிட்டுதாம்மா படிக்கிறேன்.”

“கிழவா, உண்மையச் சொல்லு. யாரு ரத்தத்தைக் குடுத்துட்டு வந்த?”

“என் கையிலதானே குத்துனாங்க? நீதான் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த.”

“நான் அந்த டாக்டர் பொண்ணோட செருப்பைப் பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். மாலையில் மூங்கில் கூடை அப்பாவின் முன் வந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அப்பா ஒரு கவளத்தை மெதுவாக உருட்டினார், தோய்த்தார், வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சுட்ட கோழியின் தொடைத் துண்டு மட்டும் எப்படியோ அப்பாவின் பக்கமாக நகர்ந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பல்கலைக்கழகத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கியபோது வீட்டில் சண்டை. அப்பா கூடையைத் தள்ளி வைத்திருந்தார்.

“என் சோறு கசக்குதா?”

“சோறு நல்லாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

“ரெண்டு வருஷமா சோறு சோறுன்னு உயிரை வாங்குன. இப்பக் கூடையைத் தூக்கி முன்னால வெச்சா, பயமாம்.”

“புவாலாய், காகிதம் நல்லாயிருக்குங்குது. காலு இல்லைங்குது. நான் காலோடதானே நடக்கறேன்?”

நான் பையை இறக்கி வைத்துவிட்டு அறிவியலின் சார்பில் பேசினேன். “அப்பா, காலு பட்டப்படிப்பு படிக்கல.”

“நீயும் இன்னும் முடிக்கலடா.”

அப்பாவுக்குக் கால் வெறும் கால் அல்ல. அவர் தையல்காரர். மே மாதம் பள்ளி திறக்கும். மூன்று பள்ளிகளின் சீருடை எங்கள் வீட்டில்தான் தைக்கப்படும். மின்சாரத் தையல் இயந்திரத்தின் வேகம் பாதத்தில் இருக்கிறது. லேசாக அழுத்தினால் நடக்கும், கொஞ்சம் அழுத்தினால் ஓடும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதம் சொல்லாவிட்டால் பாய்ந்துவிடும். அந்த வாரம் இயந்திரம் மூன்று முறை பாய்ந்திருந்தது. ஒரு சட்டையின் பைக்கு வாயே இல்லை, நான்கு பக்கமும் தைத்தாயிற்று.

“இந்தப் பையன் பென்சிலை எங்க வெப்பான்?” என்று அந்தச் சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார். பிறகு பிரிக்க உட்கார்ந்தார். “குத்துடி. தினமும் காலையில குத்து. ஒரு வாரம் பாப்போம்.”

அம்மா குத்தினாள். வெறும் வயிற்றில் 231. மறுநாள் 244. அப்புறம் 219. அம்மா நாட்காட்டியின் கட்டங்களில் எழுதிக்கொண்டே வந்தாள். அடுத்த வெள்ளி நான் வந்தபோது ஏழு கட்டம் நிரம்பியிருந்தது. நான்கு புள்ளி எட்டின்படி அப்பாவின் சராசரி தொண்ணூறை ஒட்டி இருக்க வேண்டும்.

“இதுல புள்ளி எங்கம்மா?” என்றேன்.

“மெஷின் சின்னதுடா. புள்ளி வெக்க எடம் இல்ல.”

“புள்ளி இல்லாத நம்பரை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நம்பரைத் தப்புங்கறீங்க. அந்த மெஷின் உங்க பைக்குள்ள பதினஞ்சு வீடு ஏறி இறங்குது. அடி பட்டிருக்கும்.”

அம்மா என் விரலை இழுத்துக் குத்தினாள். 88.

“உனக்கு மட்டும் சரியாச் சொல்லுதா?”

எண்பத்தெட்டை நான் ஏற்றுக்கொண்டேன். அது நல்ல எண். எதிர்த்துப் பேச அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் மாலை நாங்கள் மூவரும் வேலை அறையில் இருந்தோம். அம்மா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான் பாவாடைகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்போது ஒரு சத்தம். டிக். டிக். டிக். ஒரு அடி விட்டு ஒரு அடிக்கு.

அம்மா தலையைத் தூக்கினாள். “கோப் அப்பா, செருப்புல என்ன மாட்டிக்கிச்சு?”

“செருப்பே போடலியே.”

“நில்லு அங்கயே.”

அப்பா நின்றார். அம்மா குனிந்து அவருடைய வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கினாள், லாடம் பார்ப்பவள்போல. குதிகாலில் மஞ்சள் நிறத்தில் ஒரு மணி. தையல் குண்டூசியின் தலை. தலை மட்டும்தான் வெளியே.

“எப்ப குத்துச்சு?”

“தெரியலியே.” அப்பா யோசித்தார். “காலையில ஒரு மஞ்சளைக் காணோம்னு தேடுனேன். கோப், நீகூட மேஜைக்குக் கீழ பாத்தியே.” பிறகு சிரித்தார். “பரவால்ல, தொலையல.”

அவரைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அந்தக் காலோடு கடைத்தெருவுக்குப் போய் நூல் வாங்கி வந்திருந்தார். அம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். “காலைப் பிடிடா” என்றாள் என்னிடம். நான் தரையில் உட்கார்ந்து குதிகாலை மடியில் ஏந்திக்கொண்டேன். அப்பாவின் காலை அதற்கு முன் நான் கையில் எடுத்ததே இல்லை. வெயில் காலத்திலும் அது குளிர்ந்திருந்தது. அம்மா ஊசியை மெல்ல இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. அப்பா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

“கோப், கெட்டியாப் பிடிச்சுக்கடா” என்றார்.

“சரிப்பா” என்றேன். நான் இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். அது அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. அம்மா தன் சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டாள். அப்பா வரமாட்டேன் என்றார். “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. சந்தோஷமாச் சொல்லுச்சு. போய் அதுகிட்ட சண்டை போடச் சொல்றியா?”

“சண்டை இல்லப்பா. ஒரு கேள்வி.”

“அப்ப நீ கேளு. அது பாங்காக் பேச்சு வேகமாப் பேசுது, என் வாய் அந்த வேகத்துக்கு ஓடாது.”

நான் கேட்டேன். நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். “டாக்டர், இது ஏழு நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை. சராசரி இருநூற்று முப்பத்திரண்டு புள்ளி நான்கு.” புள்ளியை நான்தான் வைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் நலின் குதிகால் புண்ணைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். வெளியே அன்றும் நாற்பது பேர் இருந்தார்கள், அவர்களைப் பார்க்கவில்லை. அப்போதே கையிலிருந்து இரத்தம் எடுக்கச் சொன்னார். 238. அம்மாவின் பைக்குள் இருந்த இயந்திரம் மானத்தோடு தப்பியது. டாக்டர் தொலைபேசியை எடுத்துச் சக்தா அண்ணனை வரச் சொன்னார்.

சக்தா அண்ணன் எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்பாவிடம் கேட்டார். “பெரியப்பா, உங்க அப்பா அம்மா எந்த ஊரு?”

“இதே ஊருதான். ஒருத்தர் கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒருத்தர் இந்தப் பக்கம்.”

“ரத்தம் கம்மியா இருக்குன்னு எப்பவாவது யாராவது சொன்னாங்களா?”

“பட்டாளத்துக்கு ஆளெடுத்தப்ப சொன்னாங்க. வெளுத்துப்போயிருக்கேன்னு. நான் பவுடர் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நெனச்சேன்.”

சக்தா அண்ணன் டாக்டரைப் பார்த்தார். டாக்டரின் முகம் மாறியது. “‘ஈ’ வகை ஹீமோகுளோபின்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “படிச்சிருக்கேன். ஒரு பக்கத்துல, கீழ, சின்ன எழுத்துல.”

“இங்க அது பெரிய எழுத்து டாக்டர்” என்றார் சக்தா அண்ணன், மரியாதையாகவே. பிறகு எங்களுக்கு விளக்கினார். சர்க்கரை சிவப்பணுவில் நாளாக நாளாக ஒட்டும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் மூன்று மாதக் கணக்கைச் சொல்வது. எங்கள் பக்கத்தில் பலருக்குப் பிறவியிலேயே அணு வேறு மாதிரி. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்துவிட்டால் அணு கொஞ்சம் சீக்கிரமே செத்துப்போகும், அதன் இடத்துக்குச் சர்க்கரை ஒட்ட நேரமில்லாத புது அணு வந்துவிடும்.

“நேத்து வேலைக்குச் சேந்தவனைக் கூப்பிட்டு மூணு மாசமா இங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா, அவன் என்ன பெரியப்பா சொல்லுவான்?”

“எல்லாம் நல்லாத்தான் நடக்குதும்பான்” என்றார் அப்பா.

“அதான் நாலு புள்ளி எட்டு.”

“அப்ப மெஷின் பொய் சொல்லல.”

“இல்ல. சாட்சிக்குத் தப்பான ஆளைக் கூப்பிட்டுடுச்சு.”

டாக்டர் நலின் இரண்டு கையையும் கூப்பினார். “பெரியப்பா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான் காகிதத்தைக் கேட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அப்பா பதறிப்போனார். “அட, எதுக்கும்மா! நீங்க சொன்னதாலதான் வீட்டுல கோழி சுட்டாங்க.”

மாகாண மருத்துவமனைக்கு அனுப்பிய இரத்தம் சக்தா அண்ணன் சொன்னதையே சொன்னது. இரு வழியிலும் ‘ஈ’. “உனக்கும் பாதி வந்திருக்கும்டா” என்றார் அவர் என்னிடம். என் பங்குக்கு வந்த முதல் பரம்பரைச் சொத்து. மாத்திரை பழைய அளவுக்குத் திரும்பியது, கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. சிவப்பணுவைக் கேட்காமல் இரத்தத்திலுள்ள புரதத்தைக் கேட்கும் வேறு ஒரு சோதனை இருக்கிறதாம். அதில் இருபத்தேழு புள்ளி மூன்று வந்தது. பதினெட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டர்.

அம்மா கூடையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அந்த முறை இன்னொன்றும் நடந்தது. இரண்டு வருடமாக அப்பா உதிரிச்சோறு தின்னும்போது அம்மா எதிரில் உட்கார்ந்து ஒட்டுச்சோறு உருட்டிக்கொண்டிருந்தவள். அன்று முதல் அவளும் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

“உனக்கு எதுக்குடி?” என்றார் அப்பா.

“ரெண்டு வகை வடிக்க என்னால ஆகாது. கூடை கழுவச் சோம்பலா இருக்கு.”

அம்மாவின் வாழ்நாளில் சோம்பல் என்ற சொல்லை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். ஒவ்வொரு மாலையும் கைப்பேசி விளக்கைப் போட்டு அப்பாவின் பாதங்களை விரல் விரலாகப் பார்த்தாள். அப்பா வீட்டுக்குள்ளும் தடித்த செருப்பு போட்டுக்கொண்டார். இயந்திரத்தின் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தார். அதற்குமேல் அழுத்த முடியாது, பாயவும் முடியாது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூவரும் மறுபடி டாக்டர் நலின் முன் உட்கார்ந்திருந்தோம். அவர் இந்த முறை காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலில் கேட்டார்.

“காலு என்ன சொல்லுது பெரியப்பா?”

“திரும்பி வரல. ஆனா மேல ஏறுறதை நிறுத்திடுச்சு. கெண்டைக்காலோட நின்னுக்கிட்டு யோசிக்குது.”

பிறகுதான் காகிதத்தைத் திருப்பினார். பதினேழு புள்ளி இரண்டு.

அம்மா பெருமூச்சு விட்டாள். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“டாக்டரம்மா, ஞாயித்துக்கிழமை மட்டும், ஒரே ஒரு கவளம் ஒட்டுச்சோறு?”

“ஒரு கவளம்னா எவ்வளவு?”

அப்பா முஷ்டியை மடக்கிக் காட்டினார். அம்மா கட்டை விரலைக் காட்டினாள். டாக்டர் இரண்டையும் தீவிரமாகப் பரிசீலிக்க ஆரம்பித்தார்.

“குடிக்க ஏதாவது வாங்கிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

நான்காம் சன்னலில் எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் காகிதம். நான் ஏழாவது ஆளாக நின்றேன். தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. என் முறை வந்ததும் குனிந்து, பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

“சக்தா அண்ணே, இது எங்கப்பாவோடதுதானே? இன்னொரு தடவை பாத்துடுங்களேன்.”

சக்தா அண்ணன் சிரிக்கவில்லை. உள்ளே போய் இரத்தக் குழாயை எடுத்து வந்தார். குழாயின் எண்ணையும் காகிதத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டு, ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். நானும் கூடவே வாசித்தேன்.